தூசிக்கு ஏன் பழி போடுறீங்க?

"கச்சான் காத்து அடிக்குது, தூசி விழுந்திருக்கும்." திருகோணமலையில் ரொட்வைலரோ கிரேட் டேனோ வளர்க்கிறவரிடம் நாயின் கண் ஏன் சிவந்து வடிகிறது என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான். உட்துறைமுக வீதியில் உப்புக்காற்றும் மணலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே காத்துக்குள்ளதான் மீன் சந்தைக்குப் பின்னால ஊர்நாய்களும் படுத்துக் கிடக்கு. அதுகளின்ட கண்ணில மட்டும் தூசி விழாதா?

கோளாறு இமையில் இருக்கிறது. பெரிய இன நாய்கள் பலவற்றில் இமை உள்பக்கமாகச் சுருண்டு, மயிர் விழிப்படலத்தை அராவும். என்ட்ரோபியன் என்பார்கள். நம்ம கண்ணுக்குள்ள ஒரு மயிர் போனாலே என்ன துடி துடிக்கிறம்? இந்த நாய்க்கு ஒவ்வொரு சிமிட்டலிலும் அது நடக்கிறது. நாள்பட்டால் புண், தழும்பு, பார்வை இழப்பு. செயின்ட் பெர்னார்டில் (பனிமலை நாய்க்குத் திருகோணமலையில் என்ன வேலை என்பது வேறு கதை) கீழிமை வெளிப்பக்கமாகத் தொங்குவதும் உண்டு. சிவந்த உள்சதை காய்ந்து கிடக்கும். நாங்க அதைப் படம் எடுத்து, "சோகமான கண், என்ன வடிவு" எண்டு போடுறம்.

தூசிக்குப் பங்கே இல்லையா? இருக்கு. வலியில் நாய் கண்ணை இறுக்க, இமை இன்னும் உள்ளே மடியும். அதனால்தான் மிருக வைத்தியர் முதலில் கண்ணை மரக்கச் செய்யும் துளிமருந்தை விட்டுப் பார்ப்பார். வலி அடங்கியதும் இமை நிமிர்ந்தால், அது வலியால் வந்த மடிப்பு. நிமிராத பங்கு இமையின் அமைப்பிலேயே உள்ளது. இந்த வித்தியாசம் வீட்டில் இருந்து ஊகிக்கிறவருக்குத் தெரியாது. அவர் பார்மசியில் மனுசருக்கான துளிமருந்தை வாங்கி விடுகிறார். அதில் ஸ்டீரொயிட் இருந்து, விழியில் புண்ணும் இருந்தால், புண் ஆறாமல் ஆழமாகி விழியே துளைபடலாம்.

வைத்தியம் இருக்கிறது. குட்டிக்குத் தற்காலிகத் தையல் போட்டு இமையை வெளியே இழுத்துப் பிடிப்பார்கள், ஏனெனில் முகம் இன்னும் வளரும். வளர்ந்த நாய்க்கு இமையோரத் தோலில் ஒரு கீற்றை வெட்டித் தைப்பார்கள். எனக்குக் கோபம் வருவது அதற்குப் பிறகு நடப்பதில்தான். தைத்த நாய் வடிவாகத் தெரியும், அதையே திரும்பவும் இணைசேர்த்துக் குட்டி விற்கிறார்கள். இது பரம்பரையாக வருகிற கோளாறு. தையல் குட்டிகளைக் காப்பாற்றாது.

"சேர்ட்டிபிகேட் இருக்கு" என்பார்கள். சேர்ட்டிபிகேட் சொல்வது வம்சத்தை, கண்ணை இல்லை. 2012 இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் தங்கள் இனத்தில் முதலிடம் பெற்ற 6 நாய்கள் மிருக வைத்தியர் பரிசோதனையில் தவறின, மஸ்டிஃபும் அதில் ஒன்று. பரிசு மேடை ஏறிய நாய்க்கே இந்த நிலை.

குட்டி வாங்கப் போறீங்களா? தாய்நாயைக் காட்டச் சொல்லுங்க. கண் சுருக்குதா, நீர் வடிஞ்ச கறை இருக்கா, இமையோரம் தையல் தழும்பு இருக்கா எண்டு கிட்டப் போய்ப் பாருங்க. காட்ட மாட்டம் எண்டா, காசோட வீட்டுக்கு வாங்க. ஏற்கனவே வீட்டில் கண்ணைச் சுருக்குகிற நாய் இருந்தால், கழுத்தில் கூம்புப் பட்டையைப் போட்டு, சொறியவிடாமல், இண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்க.