ஈ ஓட்டுகிற விஞ்ஞானமா?

மதுரை யானைக்கல் பக்கம் வாழைப்பழம் கனிந்து கிடக்கும் கடைகளில், எள்ளு மாதிரி சின்னச் சின்ன ஈக்கள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பழ ஈ என்று பெயர். விலங்கியல் படிக்கிற பையன் "இதை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் வருகிற பதில் தெரிந்ததுதான். "படிச்சு முடிச்சுட்டு ஈ ஓட்டப் போறியாப்பா?"

இந்த நக்கல் மதுரைக்கு மட்டும் சொந்தமில்லை. 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின், வரிப்பணம் பழ ஈ ஆராய்ச்சிக்குப் போகிறது என்று மேடையிலேயே கிண்டல் செய்தார்.

சரி, ஈயில் அப்படி என்னதான் இருக்கிறது?

அரை மில்லிமீட்டர் முட்டை. ஒரே நாளில் அதிலிருந்து புழு வெளியே வருகிறது. உடம்பு முழுக்க வரிசையாகக் கண்டங்கள். தலை எங்கே, வால் எங்கே என்று யார் சொன்னது? முதலில் தாய். முட்டையின் ஒரு முனையில் 'பைகாய்ட்' மரபணுவின் செய்தியை வைத்து அனுப்புகிறாள். அதிலிருந்து உண்டாகும் புரதம் அந்த முனையில் அடர்த்தியாகவும் போகப்போகக் குறைவாகவும் பரவுகிறது. அடர்த்தியான பக்கம் தலை.

அப்புறம் நடப்பது நில அளவை மாதிரி. முதலில் 'ஹன்ச்பேக்', 'க்ரூப்பெல்' போன்ற மரபணுக்கள் பெரிய பெரிய பகுதிகளாகப் பிரிக்கும். இவற்றில் ஒன்று கெட்டால் அடுத்தடுத்த பல கண்டங்கள் மொத்தமாகக் காணாமல் போகும். அடுத்த குழு ஏழு பட்டைகள் போடும். அதில் ஒன்று கெட்டால் ஒன்றுவிட்டு ஒன்று பாதிக்கப்படும். கடைசிக் குழு ஒவ்வொரு கண்டத்துக்கும் முன்பக்கம் பின்பக்கம் பார்த்து வரப்பு போடும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஆயிரக்கணக்கான ஈக் குடும்பங்களின் செத்த கருக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். 1980-ல் 15 மரபணுக்களின் பட்டியல் வெளிவந்தது. 1995-ல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து நோபல் பரிசு. அவர்கள் எந்த நோய்க்கும் மருந்து தேடவில்லை!

ஆனால் பாருங்கள். அந்தப் பட்டியலில் ஒன்றின் பெயர் 'ஹெட்ஜ்ஹாக்', தமிழில் முள்ளெலி. அது கெட்டால் புழுவின் உடம்பில் வழுவழுப்பான இடமே இல்லாமல் எங்கும் முள். 1993-ல் முதுகெலும்புள்ள விலங்குகளிலும் இதே குடும்பத்து மரபணு கிடைத்தது. மனிதனில் அது கெட்டால் கருவின் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் போகலாம். அதே சமிக்ஞைப் பாதை அளவுக்கு மீறி ஓடினால் ஒருவகைத் தோல் புற்றுநோய். அதை அடக்கும் 'விஸ்மோடெகிப்' மருந்துக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஈயில் தொடங்கி மருந்துக் கடைக்கு வர முப்பது வருஷம்.

வரி கட்டுகிறவன் பயன் கேட்பது தப்பே இல்லை. விதை போட்ட அன்றைக்கே "எத்தனை மூட்டை?" என்று கேட்பதுதான் தப்பு.

மதுரையிலேயே உதாரணம் உண்டு. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் மாணவர்களும் சமணர் மலைக் குகையில் வௌவால் பார்த்தார்கள். இருட்டுக் குகையில் அடைபட்ட வௌவால், கூட்டம் கிளம்பித் திரும்பும் நேரத்தை வைத்தே தன் உடல் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று 1981-ல் எழுதினார்கள். அப்போது அதையும் வெட்டி வேலை என்று சொல்லியிருக்கலாம். உடல் கடிகாரத்தின் மரபணுக்களைக் கண்டறிந்ததற்கு 2017-ல் நோபல் கொடுத்தார்கள். அதுவும் பழ ஈயில்தான்!

கேலி செய்கிறவர்களை விடுங்கள். 'பைகாய்ட்' என்பதை இரண்டு மார்க் கேள்வியாக உருப்போட்டு, ஒரு ஈயைக் கூட உருப்படியாகப் பார்க்காமல் பட்டம் வாங்குகிறோமே, அதை என்ன சொல்ல? காசில்லை என்ற சாக்கு செல்லாது. பாட்டில், ரவை, வெல்லம், அகர், ஈஸ்ட்... பத்தே நாளில் புதுத் தலைமுறை ஈ. இதுகூட இல்லாத ஆய்வகத்துக்கு எதற்குப் பூட்டும் சாவியும்?