பல் பார்க்கிறவர்கள் ஈறையும் பார்க்கட்டும்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? குதிரை வாங்க வருகிறவர் முதலில் சுழி பார்ப்பார். நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே என்று விரலால் தடவி எண்ணுவார். அப்புறம் உதட்டைத் தூக்கி, பல் பார்த்து வயது சொல்வார். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்த ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

கேட்டால், "வாயில இரும்பு இல்லாட்டி குதிரை அடங்குமுங்களா?" என்பார்கள். அடங்காத மனிதனைக்கூட 'கடிவாளம் இல்லாத குதிரை' என்றுதானே திட்டுகிறோம்! பேச்சிலேயே ஊறிப்போன இந்த நம்பிக்கை தவறு. 350 கிலோ எடையுள்ள பிராணியை எந்த மனிதனும் கைபலத்தால் நிறுத்திவிட முடியாது. பழகிய குதிரை சொல்லுக்கு நிற்கும். மற்றது வலிக்குப் பயந்து நிற்கும். மிரண்டுவிட்டால் இரண்டும் செல்லாது. அப்போது லகானைச் சுண்டச் சுண்ட வலி கூடும், ஓட்டமும் கூடும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெட்டைக் குதிரையை எனக்குத் தெரியும். இரும்பைக் கையில் எடுத்தாலே தலையை வானத்துக்குத் தூக்கும். திமிர் என்றார்கள், சுழி சரியில்லை என்றார்கள், இன்னும் கடுமையான இரும்பு போடச் சொன்னார்கள். ஒருநாள் வாயோரத்தில் கட்டைவிரலை நுழைத்து நாக்கை ஒதுக்கிப் பார்த்தேன். இடது ஈறில் தட்டைப்பயறு அளவுக்குப் புண். அந்த இடத்தில் சதையே கிடையாது. தாடையெலும்பின் கூரான விளிம்பு, அதன்மேல் மெல்லிய தோல், அவ்வளவுதான். நம் கணைக்கால் முன்னெலும்பில் கட்டில் கால் இடித்தால் எப்படி இருக்கும்? அந்த வலியை ஒவ்வொரு திருப்பத்திலும் அது வாங்கிக்கொண்டிருந்தது. புண் ஆறும்வரை இரும்பையே காட்டவில்லை. பிறகு வாயில் இரும்பே இல்லாமல், மூக்கின்மேல் படியும் மூக்குப்பட்டை மட்டும் போட்டபோது தலையைத் தானாகவே நீட்டியது.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் குக், 66 குதிரைகளை இரும்போடும் இரும்பில்லாமலும் ஒப்பிட்டு 2019இல் ஆய்வு வெளியிட்டார். இரும்பை எடுத்ததும் வலியின் அறிகுறிகள் பெருமளவு குறைந்தன. விவரங்களைச் சொன்னவர்கள் குதிரை வளர்த்தவர்களே, குக்கும் இரும்பில்லாத கடிவாளத்தை வடிவமைத்தவர். ஆகவே அதையே முடிந்த முடிவாக நான் சொல்லவில்லை. ஆனால் சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைதாண்டும் போட்டிகளில் இரும்பில்லாத கடிவாளத்துக்கு அனுமதி உண்டு. அங்கே உயர்மட்டத்தில் தாண்டுவது 1.60 மீட்டர் தடைகளை. அடங்காத குதிரையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா?

முள் கடிவாளத்தைப் பற்றி வாதமே வேண்டாம். 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் அதை மாட்டுகிறவர் சட்டத்தை மீறுகிறார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மூக்குப்பட்டையும் தப்பாகக் கட்டினால் கொடுமைதான். மூக்கெலும்பின் கீழ்நுனி மெல்லியது. பட்டை அங்கே இறங்கினால் மூச்சு திணறும், எலும்பும் அடிபடும். கை முரடானால் எந்த வாரும் புண்ணாக்கும். மென்மையான கையில், வாய்க்குப் பொருந்திய வழவழப்பான இரும்பைச் சில குதிரைகள் அமைதியாக ஏற்றுக்கொள்வதும் உண்டு. நான் எதிர்ப்பது, வாய் கூசுகிற குதிரைக்கும் இரும்புதான் மருந்து என்கிற பிடிவாதத்தை.

இது நம் ஊருக்குப் புரியாத விஷயமா என்ன? காங்கேயம் காளையின் மூக்கணாங்கயிற்றை வெடுக்கென்று இழுக்கிற சின்னப் பையனைத் தோட்டத்துப் பெரியவர் அதட்டுவார். மூக்கு அறுந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். குரல் கொடுத்தும் முதுகில் கைவைத்தும் மாட்டை நடத்தத் தெரிந்தவர்தான் அவர். அந்தக் கரிசனம் பக்கத்துக் கட்டுத்தறியில் நிற்கிற குதிரைக்கும் வேண்டும்.

இந்த ஆடிக்கு அந்தியூர் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பல் எண்ணி முடித்ததும் விரலை எடுத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, அந்த வெற்று ஈறைத் தடவிப் பாருங்கள். குதிரை வெடுக்கென்று தலையைப் பிடுங்கிக்கொண்டால், கடிவாளத்தைக் கழற்றி வைத்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.