பெயின்ற் அடிக்க முதல் பெற்றோல் ஹோசை மாத்துங்கோ

எங்கட பக்கம் பழைய கார் வைத்திருக்கிறவையின்ர காசு எங்கே போகுது எண்டு பார்த்தால், முதலில் பெயின்றுக்கு. பிறகு சீற் கவர், குரோம் பம்பர், வெள்ளை வளையம் போட்ட ரயர். கடைசியில் பொனற்றுக்குக் கீழே, அதுவும் வண்டி வழியில் நின்றால் மட்டும். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய வண்டிகளுக்கு வந்த மவுசைச் சொல்லத் தேவையில்லை. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மொறிஸ் மைனர் எல்லாம் கழுவித் துடைத்து, கலியாண வாடகைக்கு ஓடத் தொடங்கிட்டுது. ஓடட்டும், எங்களுக்கும் அதில் சந்தோசம்தான். ஆனால் அந்த மினுக்கத்துக்குக் கீழே ஓடுகிற இறப்பர்க் குழாய்க்கு எத்தனை வயது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. அதைத்தான் நாங்கள் கேட்கிறம்.

மொறிஸ் மைனர் 1948 இல் வந்தது. கடைசி வண்டிகள் இங்கிலாந்தில் 1971 இல் செய்யப்பட்டவை. ஆக, எங்கட வீதியில் ஓடுகிறதில் ஆக இளையதுக்கே அரை நூற்றாண்டு தாண்டிட்டுது. இரும்பு தாங்கும். இறப்பரும் தக்கையும் கடதாசியும் தாங்காது.

948 சிசி, 1098 சிசி என்ஜின் உள்ள வண்டியின் பொனற்றைத் திறந்து பாருங்கோ. பெற்றோலும் காற்றும் உள்ளே போகிற வழியும், புகை வெளியே வருகிற வழியும் என்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கும். மேலே காபரேற்றர், அதுக்கு நேர் கீழே எக்ஸோஸ்ற் மனிஃபோல்ட். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் அப்பிடித்தான். காபரேற்றருக்கு வருகிற ஹோஸ் வெடித்தால், இல்லாட்டி மிதவைக் கிண்ணத்தின் மூடிக் காஸ்கெற் சுருங்கினால், ஒழுகுகிற பெற்றோல் விழுகிற இடம் அந்தக் கொதிக்கிற இரும்புதான். இவ்வளவு தெரிந்த பிறகும் "பழைய கார் எண்டால் கொஞ்சம் பெற்றோல் மணக்கும்தானே" எண்டு சொல்கிறவையோடு எங்களுக்குப் பெரிய சண்டை இருக்கு. மணக்கக் கூடாது. பின் சீற்றில் மாப்பிள்ளையும் தோழனும், மடியில் ஒரு குழந்தையும் இருக்கிற வண்டியில் பெற்றோல் மணம் வருகிறதை வயதின் குணம் எண்டு விட ஏலாது.

பார்க்கிறது பெரிய வித்தை இல்லை. ஹோசை விரலால் மடித்துப் பாருங்கோ. வெளித்தோலில் நெல்லு வெடித்த மாதிரிக் கோடு தெரிந்தால் அதின்ர காலம் முடிஞ்சுது. அமத்தினால் கல்லு மாதிரி இருந்தாலும் முடிஞ்சுது. மிருதுவாய்ப் பிசுபிசுத்தாலும் அப்பிடித்தான். மொறிஸ் மைனரில் இன்னொரு நல்ல சோதனை இருக்கு. அதில் இருக்கிறது மின்சாரப் பெற்றோல் பம்ப். என்ஜினை ஸ்ரார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் திருப்பினால் "டிக் டிக்" எண்டு கொஞ்சம் அடித்துக் கிண்ணம் நிறைந்ததும் அமைதியாக வேணும். அமைதியாகாமல் ஆறுதலாய் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் எங்கேயோ கசியுது, இல்லாட்டி பம்பின் வால்வு தேய்ந்திருக்கு. கடகடவெண்டு வேகமாய் அடித்தால், ராங்கியில் பெற்றோல் இருந்தும், பம்ப் காற்றை இழுக்குது. ராங்கி வண்டியின் பின்னால், பம்ப் முன்னால். நடுவில் அடிப்பக்கமாய் வருகிற இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானாலும், ராங்கிப் பக்க ஹோஸ் வெடித்தாலும் ஒரு சொட்டும் வெளியே தெரியாது, காற்றுத்தான் உள்ளே போகும். காதைக் குடுத்தால் வண்டி தானே சொல்லும்.

மாத்துகிறவையும் எதை மாத்துகினம் எண்டதில்தான் எங்கட அடுத்த கோபம். தண்ணிக்குச் செய்த ஹோசைப் பெற்றோலுக்குப் போடுகினம். உள்ளே பெற்றோல் ஓடுகிறது வடிவாய்த் தெரியும் எண்டு கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் குழாயும் போடுகினம். அந்தப் பிளாஸ்ரிக்கை வளையப் பண்ணுகிற பதார்த்தத்தைப் பெற்றோல் கரைத்தெடுத்துப்போடும். பிறகு அது சுருங்கி, விறைத்து, ஒருநாள் கிளிப்பில் இருந்து தானே கழன்று விழும். பெற்றோலுக்கெண்டு செய்த ஹோசில் அது அச்சடித்திருக்கும், "எஸ்ஏஇ ஜே30 ஆர்9" எண்ட மாதிரி. பஞ்சிகாவத்தையில் கேட்டால் எடுக்கலாம். அடி பார்த்து அளந்து வாங்குகிற சாமான் அது, பெயின்ற் வேலையின் செலவோடு பார்த்தால் ஒரு தூசு. கிளிப்பையும் சேர்த்து மாத்த வேணும். முறுக்கிற எல்லாம் முறுக்கினால் கிளிப்பே ஹோசை வெட்டும்.

இந்த "சமாளிப்பு" எங்கே இருந்து வந்தது எண்டும் யோசிக்க வேணும். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நின்றபோது, எங்கட மெக்கானிக்மார் இதே என்ஜின்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினவை. சூப்பிப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலை வைத்துக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் எடுத்து, சூடாக மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின கதையை எல்லா வீட்டிலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ சொல்லுவார். அது திறமைதான். இல்லையெண்டு சொல்ல எங்களுக்கு உரிமையே இல்லை. ஆனால் அதுக்கு என்ஜின் குடுத்த விலையும் உண்டு. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, என்ஜின் உள்ளே தட்டும். எரியாமல் மிஞ்சினது சிலிண்டர்ச் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும். அண்டைக்கு அதை விட்டால் வேற வழி இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகிறவர் ஹோசின் தரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கேலாது. இண்டைக்குக் கடையில் சாமான் இருக்கு, பஸ்ஸில் போட்டுவிட்டால் அடுத்தநாள் வரும். வழியில்லாத காலத்தில் செய்ததை வழியுள்ள காலத்திலும் செய்துகொண்டு, அதைத் "எங்கட மூளை" எண்டு பெருமைப்படுகிறது அந்த மெக்கானிக்மாருக்கே மரியாதை இல்லை. அவைக்கு நல்ல சாமான் கிடைத்திருந்தால் நல்ல சாமானைத்தான் போட்டிருப்பினம்.

அதுக்காகக் கையால் செய்கிற எல்லாம் பிழை எண்டு நாங்கள் சொல்லேல்லை. காஸ்கெற் பேப்பரைத் தண்ணிப் பம்பின் முகத்தில் வைத்துச் சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரத்தில் தட்டித் தட்டியே வெட்டி எடுக்கிற ஐயாமார் இப்பவும் இருக்கினம். அது கடையில் வாங்குகிறதுக்கு ஒரு துளியும் குறைவில்லை. எங்கட வயதுப் பெடியளும் பெட்டையளும் அவையிட்டைப் பழக வேண்டிய வேலை அது. எங்களுக்குப் பிடிக்காதது சிலிக்கன். எதுக்கெடுத்தாலும் சிலிக்கனைப் பிதுக்கிப் பூசி விடுகிறது. உள்பக்கமாய்ப் பிதுங்கின துண்டு கழன்று போய் ஒயில் உறிஞ்சுகிற வடியில் அடைத்தால், என்ஜின் ஒயில் இல்லாமல் சாகும். காபரேற்றரில் பூசினால் பெற்றோல் அதை ஊறவைத்துக் கரைக்கும்.

ஹெட் காஸ்கெற் தட்டி வெட்டுகிற சாமான் இல்லை, கழற்றினதைத் திருப்பிப் போடுகிற சாமானும் இல்லை. ஒயில் மூடியின் அடியில் மோர் மாதிரிப் படிந்தால், ரேடியேற்றரில் குமிழி வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். புதுசு போட முதல் ஹெட் வளைந்திருக்கா எண்டு நேரான இரும்புத் தகட்டை வைத்துப் பார்க்க வேணும். நட்டுகளை நடுவில் தொடங்கி வெளியே போய், படிப்படியாய் இந்த என்ஜினுக்கு 40 அடி-இறாத்தல் வரை இறுக்க வேணும். கை சொல்லும் எண்டு சொல்லுவினம். கை சொல்லும்தான், ஆனால் ஒன்பது நட்டுக்கும் ஒரே மாதிரிச் சொல்லாது. ரோர்க் றெஞ்ச் இரவல் வாங்குகிறது வெட்கம் இல்லை.

ஒண்டை மட்டும் விட்டுவிடலாம். இந்த என்ஜினின் பின்பக்கத்தில் கிராங்குக்கு இப்ப உள்ள மாதிரி இறப்பர் சீல் இல்லை, ஒயிலைத் திருப்பி அனுப்புகிற ஒரு மறைதான் இருக்கு. அதாலே நிறுத்திற இடத்தில் ரெண்டு சொட்டு ஒயில் விழும். அது அப்பிடித்தான். அதுக்காக என்ஜினை இறக்கிக் காசைக் கரைக்காதேங்கோ.

"ஒரிஜினல்" பார்க்கிறவைக்கும் ஒரு சொல். 1960 இல் வந்த ஹோசை அப்பிடியே வைத்திருக்கிறது பாதுகாப்பு இல்லை. பொத்தான், விளக்கு, ஸ்ரியரிங் எல்லாம் பழசாய் இருக்கட்டும், பெற்றோல் போகிற வழி மட்டும் புதுசாய் இருக்கட்டும். மெக்கானிக்மாரும் சும்மா இந்த வேலையைத் தட்டிக் கழிக்கேல்லை. பெயின்றுக்கு எண்ணிக் குடுக்கிற ஆக்கள், ஹோஸ் மாத்தின அரை நாள் கூலிக்குப் பேரம் பேசுகினம். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் காசு குடுக்கப் பழகாட்டி அந்த வேலை நடக்காது.

அடுத்த முறை அக்காவின்ர கலியாணத்துக்குப் பழைய கார் பிடிக்கப் போனால், வாடகை பேசினாப் பிறகு "அண்ணை, பொனற்றை ஒருக்காத் திறவுங்கோ" எண்டு கேளுங்கோ. ஹோசைத் தொட்டுப் பாருங்கோ. தீயணைப்பான் ஒண்டு வண்டிக்குள் இருக்கா எண்டும் பாருங்கோ. ஒழுங்காய் வைத்திருக்கிறவர் கோபிக்க மாட்டார், அரை மணித்தியாலம் நிண்டு தன்ர வண்டியைப் பற்றிக் கதைப்பார்.