கியர் ராடைக் கட்டி ஓட்டாதீர்கள்

பழைய டிராக்டரில் கியர் நழுவினால், ராடைச் சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டி ஓட்டுகிறோம். உழவுக்கு எப்படியோ ஓடிவிடும். கரும்பு லோடுடன் சரிவில் இறங்கும்போது நழுவினால், தள்ளிவரும் டிரெய்லரை இன்ஜின் பிடிக்காது. பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

'கியர் பாக்ஸே போச்சு' என்று பட்டறையில் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். மேல் மூடியைக் கழற்றச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். ராடின் அடிமுனை தேய்ந்திருந்தால் வெல்டிங் வைத்து, பழைய அளவுக்கு ராவிக்கொள்ளலாம். குண்டை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றச் செலவு சொற்பம்தான். ஃபோர்க் தேய்ந்திருந்தால் மட்டும் வெல்டிங் வேண்டாம், புதிதே போடுங்கள். பல் முழுசாகச் சேராமல் ஓட்டினால் அடுத்து உடைவது பல்சக்கரம். பெரிய செலவு அதற்குத்தான்.

மூடியைத் திரும்பப் போடும்முன், உள்ளே நட்டு, துணி ஏதும் விழுந்து கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.