முழங்காலில் துளையிட்டுச் சிகிச்சை... யாருக்குப் பலன் தரும்?

‘‘எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டும் தம்பிக்கு, வண்டியிலிருந்து இறங்கும்போது முழங்கால் திருகி வீங்கிவிட்டது. நடவு வேலைக்குப் போகும் 61 வயது அம்மாவுக்கும் பல வருடங்களாக மூட்டுவலி. துளை போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையை இருவருக்கும் செய்யலாமா? அம்மாவின் செலவுக்கு நகையை அடகு வைக்க யோசனை.’’
- வாசகர் ஒருவர், மீஞ்சூர்.

நகையை அடகு வைக்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. இலை மஞ்சளானால் உடனே யூரியா போடக் கூடாது. தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். முழங்கால் வலியும் அப்படித்தான். காரணத்தைப் பொறுத்துச் சிகிச்சை மாறும்.

‘ஆர்த்ரோஸ்கோப்பி’ எனப்படும் இந்த முறையில், மூட்டைத் திறப்பதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு, மூன்று துளைகள் போடுவார்கள். ஒன்றில் பென்சிலைவிட மெல்லிய கேமரா குழாய், மற்றொன்றில் கருவிகள் செல்லும். உப்பு நீரைச் செலுத்தி மூட்டை விரித்து, திரையில் பார்த்தபடியே வேலை நடக்கும். தழும்பு சிறியது, வலியும் குறைவு.

தம்பிக்கு இது பயன்படலாம். திடீர்த் திருகலில் தசைநார் அறுந்தாலோ, ஜவ்வு கிழிந்து மடங்கி முழங்கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ துளைவழிச் சிகிச்சை நல்ல பலன் தரும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். துளை சிறியது என்பதால் ஓய்வும் சிறியது என்று நினைக்கக் கூடாது. தசைநார் மாற்றிப் பொருத்தினால், பழையபடி பாரமான வேலை செய்ய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பிசியோதெரபியை விட்டுவிட்டால், செய்த சிகிச்சை வீணாகும்.

அம்மாவின் கதை வேறு. வயதாகி மூட்டு தேய்ந்த வலிக்கு, உள்ளே கழுவிச் சுரண்டிவிடுவதால் பலனில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடந்த ஆய்வில், சிலருக்கு உண்மையான சிகிச்சையும், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைப்பதும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. 2002-ல் இது வெளியானது. தேய்மானத்துக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று 2017-ல் சர்வதேச மருத்துவர் குழுவும் அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

அம்மாவுக்குத் தேவை தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலை, மாலை செய்யலாம். உடல் எடை அதிகமிருந்தால் குறைக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து களை எடுப்பதற்குப் பதில், வரிசை நடவு வயலில் நின்றபடி தள்ளும் கோனோவீடர் பயன்படுத்தலாம். இவற்றுக்கும் அடங்காமல் நடக்கவே முடியாத நிலை வந்தால், மூட்டு மாற்று பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

இருவரையும் ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு, மூட்டுப் பிரிவில் காட்டலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரிக்க வேண்டும். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.