சிக்கனத்தை எங்களுக்குச் சொல்லித் தராதீர்கள்

டிசம்பர் வந்தால் போதும். பண்டிகையைச் சிக்கனமாகக் கொண்டாடுவது எப்படி என்று பத்திரிகைக்காரர்கள் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். கோயிலில் சாமியார் எளிமையைப் பற்றிப் பிரசங்கம் வைப்பார். பிரசங்கம் முடிந்த கையோடு திருவிழா வரி நோட்டு எங்கள் சேரிக்குள் வரும்.

நான் கேட்கிறேன்: யாருக்கய்யா சொல்கிறீர்கள் சிக்கனத்தை? அரைக்கிலோ மாட்டுக்கறியை ஏழு பேருக்குப் பங்கு வைக்கத் தெரிந்தவளுக்கா?

கணக்கைப் பார்ப்போம். காவிரிப் படுகையில் கூலிக்குப் போகிறவர்கள் நாங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. சம்பா நடவும் களையெடுப்பும் ஓஞ்ச மார்கழியில கைக்கு வேலை கிடையாது. அறுவடை தையிலதான். அதுவும் அறுப்பு மிஷின் விட்டுவைத்த மிச்சம். கிறிஸ்துமஸ் சரியா இந்த வெறுங்கை மாசத்துல வந்து நிக்குது. அரையாண்டு லீவு விட்டதும் பள்ளிக்கூடத்துச் சத்துணவு நின்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு 2022-இல் தொடங்கிய காலை உணவும் நின்றுவிடும். அந்த ரெண்டு வேளைச் சோற்றையும் வீட்டில்தான் பொங்க வேண்டும். லீவு என்றால் சிலருக்கு ஊட்டி, கொடைக்கானல். எங்களுக்குக் கூடுதல் உலை.

இந்த இடத்தில்தான் வட்டிக்காரன் வருகிறான். பத்து வட்டி. முதல் மாச வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பான். 5000 வாங்கினால் கைக்கு வருவது 4500. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் போட்டார்கள். சட்டம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. வட்டிக்காரன் தவறாமல் வருகிறான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறார்களே, அந்த வழி அவன் வீட்டுக்குத்தான் போகிறது. அரசாங்கம் தருகிற பொங்கல் காசையும் நம்ப முடியாது. 2021-இல் தேர்தல் வந்தது, 2500 ரூபாய் வந்தது. 2023-இல் 1000. 2025-இல் காசே இல்லை.

அப்படியானால் பண்டிகையே எதற்கு, புதுத்துணி எதற்கு என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. 1931-இல் எட்டு பதினொன்றானது; நம் பிள்ளைகள் படிக்கவும் கூடாது என்றார்கள். இந்த வரலாறு உள்ள நாட்டில் சேரிப் பிள்ளை போடுகிற புதுச்சட்டை ஆடம்பரம் இல்லை. அது உரிமை. பிள்ளைகளின் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. அதற்காக வட்டிக்காரன் வாசலில் நிற்கவும் தயாரில்லை.

என்ன செய்யலாம்? பெண்கள் நாமே தையில் சீட்டைத் தொடங்குவோம். கூலி கையில் இருக்கும்போது போட்டு மார்கழியில் எடுப்போம். வீட்டுக்கொரு குடில் வேண்டாம். தெருவுக்கு ஒன்று போதும். வைக்கோல் இருக்கிறது, களிமண் இருக்கிறது. ஒரு கைப்பிடி கேழ்வரகு தெளித்தால் ஒரு வாரத்தில் புல். மூங்கில் பிளாச்சும் கலர் பேப்பரும் இருந்தால் நம்ம பசங்களே ஸ்டார் கட்டிவிடுவார்கள். கறியைச் சேர்த்து வாங்கி ஒரே அடுப்பில் ஆக்குவோம். வரி நோட்டு வந்தால், போன வருசக் கணக்கைக் காட்டு என்று கேட்போம்.

அன்று ராத்திரி ஸ்டாருக்குக் கீழே உட்கார்ந்து பிள்ளைகளிடம் சொல்லுவோம். மாட்டுக்கொட்டகையில் ஒரு குழந்தை பிறந்த கதையோடு நிறுத்த வேண்டாம். 1927 டிசம்பர் 25-இல்தான் மகாத்தில் பாபாசாகேப் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். 1968 டிசம்பர் 25 ராத்திரிதான் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கூட்டம் செய்த குற்றம், கூலியைக் கூட்டிக் கேட்டது.

எங்களுக்குச் சிக்கனம் போதிக்கிறவர்களே, அந்தக் கூலியைப் பற்றிப் பேசுங்கள். மார்கழிக்கும் சேர்த்து வயிறு நிறைகிற கூலி கொடுங்கள். பண்டிகையை எப்படிக் கொண்டாடுவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.