ஃபெயில் ஆகாதாம்!

சென்ற வாரம் ரிவ்யூவுக்கு ஒரு டிரைவர் கோடு வந்தது. கெர்னலிடம் 64 பைட் மெமரி கேட்கும் கேமல்லாக் அழைப்பு. அதற்குக் கீழே, மெமரி இல்லையென்று நல் வந்ததா என்று பார்க்கும் வரியைக் காணோம். கேட்டால், "சின்ன சைஸ் எப்பவுமே கிடைச்சிடும்ணே, ஃபெயிலே ஆகாது" என்கிறார் தம்பி. தேக்காவில் டீ குடிக்கும்போது சொன்னேன். கூட இருந்த சீனியர்களும் அவர் சொல்வது சரிதான் என்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது.

லினக்ஸில் 8 பக்கம், அதாவது பொதுவாக 32 கேபி வரை கேட்டால் கெர்னல் லேசில் கைவிரிக்காது, திரும்பத் திரும்ப முயலும். அது நடைமுறை வழக்கம், யாரும் எழுதிக் கொடுத்த உத்தரவாதமல்ல. அந்த வழக்கத்தின் லட்சணத்தை 2014இல் டெட்சுவோ ஹண்டா காட்டினார். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒரு புராசஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு மெமரி கேட்கிறது. மெமரி இல்லை, இல்லையென்று கெர்னல் சொல்லவும் மாட்டேன் என்கிறது. மெமரி தீர்ந்தால் ஆளைக் கொன்று இடம் பிடிக்கும் ஓஓஎம் கில்லர் வேறொரு புராசஸைக் கொல்லப் பார்க்கிறது. அதுவோ அதே லாக்குக்காகக் காத்திருக்கிறது, சாக வழியில்லை. மெஷின் அப்படியே தொங்கிவிட்டது.

ஃபெயில் ஆகாது என்பவர்களே, ஹண்டாவின் மெஷினைக் கொன்றதே ஃபெயில் ஆகாததுதான்! நல் வந்திருந்தால் லாக்கை விட்டிருக்கலாம். அப்படியானால் கெர்னல் ஏன் நல் தரக்கூடாது? தந்தால் யாரும் ஓட்டிப் பார்க்காத பிழைப்பாதைகள் வெடிக்கும் என்று பயம். உங்கள் அலட்சியத்துக்குப் பயந்துதான் அது தொங்கியது. அப்போதும் முழுக் காப்பு இல்லை: இன்டரப்டுக்குள் கேட்டால் காத்திருக்க முடியாது, 64 பைட்டும் மறுக்கப்படலாம். ஓஓஎம் கில்லர் குறிவைத்த புராசஸுக்கும் அதே கதி.

வேலை என்ன பிரமாதம்? லாக்கை விடு, வாங்கியதை எதிர்வரிசையில் விடுவி, மெமரி இல்லை என்னும் ஈநோமெம் பிழையைத் திருப்பு. வேண்டுமென்றே மெமரி மறுத்துச் சோதிக்கும் ஃபெயில்ஸ்லாப் 2007 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. ஓட்டத்தான் ஆளில்லை. இன்டர்வியூவில் லிங்க்ட் லிஸ்டைத் திருப்பச் சொல்கிறோம். மெமரி கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பதில்லை.

சிங்கப்பூருக்கே இந்த வியாதி. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, டேட்டா சென்டரில் குளிரூட்டல் கெட்டு டிபிஎஸ், சிட்டி வங்கிச் சேவைகள் படுத்தன. மாற்று மையம் இருந்தும் டிபிஎஸ் அங்கே முழுதாக எழவில்லை. நெட்வொர்க் அமைப்பில் பிழை. இரு வங்கிகளிலுமாகச் சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் முடங்கின. ஹண்டாவின் மெஷினேதான், அளவுதான் பெரிது.

ரிவ்யூ செய்யும் அண்ணன்மாரே, அக்காமாரே, மெமரி மறுக்கப்படும் பாதையை ஓட்டிக் காட்டாத எந்தப் பேட்ச்சுக்கும் ஒப்புதல் தராதீர்கள்.